எண்பத்தெட்டில் பிறந்தவன்

அந்தப் பையை அப்படிக் கைக்கு எட்டாமல் வைக்காதே அம்மா. காலுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொள். ஏர்போர்ட்டாவது ஒன்றாவது, கை நீளமானவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எதிர் வரிசையில் தொப்பி போட்டவரைப் பார். ஐயோ, நேராகப் பார்க்காதே! பத்து நிமிஷமாகப் பேப்பரில் ஒரே பக்கத்தைப் படிக்கிறார். ஒரே பக்கத்தை எவர் பத்து நிமிஷம் படிப்பார்?

நீயும் திருச்சி விமானம்தானே? இங்கே கோலாலம்பூரில்தான் வேலையா? சரி, சரி. அந்தப் பலகையில் என்னவோ மாற்றிவிட்டான், இரு, கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். ஒன்றேகால் மணி நேரம் தாமதம். எனக்குத் தெரியும். கவுன்ட்டரில் அந்தப் பெண் சிரித்தபோதே நினைத்தேன். காரணமில்லாமல் சிரித்தால் பின்னால் ஒரு காரணம் வரும்.

கல்யாணம் ஆகிவிட்டதா உனக்கு? இல்லையா? சும்மாதான் கேட்டேன். எந்த வருடம் பிறந்தாய்? அதுவும் சும்மாதான். எனக்கு ஒரு பையன் இருக்கிறான், தினகர். அபுதாபியில் இன்ஜினியர். தொண்ணூற்றொன்றில் பிறந்தவன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. சரி, அது கிடக்கட்டும். டிங் என்றது என் போன்தான். மேட்ரிமோனிக்காரன். நாளைக்கு நாலு தடவை அடிப்பான், விடு.

நான் சீனாவிலிருந்து வருகிறேன். பார், உடனே மூஞ்சி மாறுகிறது! பாம்பு கொடுத்தார்களா, பல்லி கொடுத்தார்களா என்றுதானே கேட்கப் போகிறாய்? என் நாத்தனார் தினம் போன் போட்டு அதையே கேட்டாள். இருபத்தோரு நாள் இருந்தேன். பாம்பையும் காணோம், பல்லியையும் காணோம். அதைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்தேன். சொல்கிறேன், நேரம்தான் இருக்கிறதே.

என் மகள் வினோதினி அங்கே இருக்கிறாள், ஹாங்ஜோ என்று ஒரு ஊரில். வேலைக்கென்று போனாள், கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். வெய் என்று பெயர். அவ்வளவுதான் பெயர். கூப்பிட வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மேளம் இல்லை, தாலி இல்லை, ஓர் ஆபீஸில் போய் இரண்டு கையெழுத்து. முந்தின நாள்தான் போனில் சொன்னாள். என் வீட்டுக்காரர், "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அந்த மனுஷருக்கு எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். நான் மூன்று வருடம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார், பென்சிலால் எழுதியதை நம்பாதே, யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்று. இந்தக் கல்யாணம் எனக்குப் பென்சிலால் எழுதியது மாதிரியே இருந்தது.

பிறகு ஏன் போனாய் என்று கேள். மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. போனில் "நல்லா இருக்கேம்மா" என்று அவள் சொல்கிற குரலில் ஏதோ சரியில்லை. வெய் ஒரே பிள்ளை, அவன் அம்மாவும் கூடவே இருக்கிறாள். ஒரே பிள்ளை, கூட மாமியார், மூன்று வருடம் வயிறு திறக்காத மருமகள். சீனாவானால் என்ன, திருச்சியில் எங்கள் சிந்தாமணியானால் என்ன, நடக்கிறது ஒன்றுதான். அந்தப் பொம்பளை என் பெண்ணை ஓரம் கட்டுகிறாள் என்று ஒரு சின்ன அடையாளம் தெரிந்தால் போதும், கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. அப்படி முடிவு பண்ணிக்கொண்டுதான் பெட்டியே கட்டினேன்.

வெய்யின் அம்மா பெயர் ஷென். புருஷன் இல்லை. டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவள். வீட்டையும் அப்படித்தான் ஓட்டுகிறாள். எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிஷம், எப்போது கதவை மூட வேண்டும், எல்லாம் அவள் கையில். கட்டையான உடம்பு, குட்டை முடி, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். அவர்கள் வீட்டுக்குள் வெளிச்செருப்போடு போகக்கூடாது, வெறுங்காலோடும் போகக்கூடாது. வாசல் அலமாரியில் ஆளுக்கொரு வீட்டுச் செருப்பு. எனக்கென்று ஒரு புது ஜோடி தயாராக இருந்தது. சிவப்பு, முயல்காது வைத்தது. காலை விட்டால் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. எனக்குத் திக்கென்றது.

"என் கால் அளவு இவங்களுக்கு எப்படிடீ தெரியும்?"

"நான்தாம்மா சொன்னேன்."

"அப்ப இன்னும் என்னென்ன சொல்லியிருக்க?"

"உள்ள வாம்மா. வாசல்லயே ஆரம்பிக்காத."

உட்கார்ந்ததும் கண்ணாடி டம்ளரில் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க. காலை வெந்நீர், மதியம் வெந்நீர், வெயிலில் சுற்றிவிட்டு வந்தால் அதற்கும் வெந்நீர். நம் ஊரில் வெந்நீர் யாருக்குக் கொடுப்போம்? காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு. ஒரு நாள் ஐஸ் வாட்டர் கேட்டேன். நான் ஆசிட் கேட்ட மாதிரி அவளும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஒரு பாட்டில் தண்ணீர் இல்லை. ஆமாம், திறந்து பார்த்தேன், அதிலென்ன? பீரோவையும்தான் பார்த்தேன். பெண்ணைக் கொடுத்தவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

அவள் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சிங்ஜியாமு. வாயைத் திறந்தால் சிங்ஜியாமு, சிங்ஜியாமு. என்னவோ கிண்டல் என்று நினைத்து வினோதினியைக் கேட்டேன்.

"சம்பந்தியம்மான்னு அர்த்தம்மா."

"அதுக்கு அவங்க பாஷைல தனியா வார்த்தை இருக்கா?"

"ஏன் இருக்கக்கூடாது?"

பன்னிரண்டு வருடம் இங்கிலீஷ் மீடியம் படித்தேன், இங்கிலீஷில் அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. இவர்களிடம் இருக்கிறது. சம்பந்தி என்று ஒரு வார்த்தை இருக்கிற ஊரில் சம்பந்தி சண்டை எப்படி இல்லாமல் இருக்கும்? நான் இன்னும் உஷாரானேன்.

தினம் காலையில் என் பெண்ணுக்கு ஒரு கிண்ணத்தில் கறுப்பாக எதையோ காய்ச்சிக் கொடுத்தாள். பக்கத்திலேயே நின்று, குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்தாள். பிள்ளை உண்டாவதற்கு மருந்தா, உண்டாகாமல் இருப்பதற்கா? மூன்றாம் நாள் வினோதினி போன் பேச எழுந்து போனபோது எடுத்து ஒரு மடக்கு குடித்தேன். என்ன என்கிறாய்? இஞ்சியும் கறுப்பட்டி மாதிரி ஒரு சர்க்கரையும். நம் சுக்குக் காப்பி, சுக்குக்குப் பதில் இஞ்சி. கை கால் சில்லிட்டுப் போகிறதாம், அதற்காம். இருக்கலாம். ஒரு நாள் சுக்குக் காப்பி கொடுத்தால் எல்லா நாளும் அதுதான் என்று யார் கண்டது? அதற்குப் பிறகும் தினம் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்கும் முழங்கால் வலி குறைந்த மாதிரிதான் இருந்தது.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு நாள் வினோதினி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே கிளம்பினாள். ஷென் கத்தினாள் பார், பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நான் எழுந்தே விட்டேன். என் பெண்ணை இவள் யார் திட்டுவதற்கு? வினோதினி சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, தலையைத் துவட்டி, மெஷின் போட்டுக் காயவைத்துக்கொண்டு போகிறாள். ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று நான் இருபத்தைந்து வருடம் தொண்டை கிழியச் சொன்னேன். ஒரு நாள் கேட்டிருப்பாளா? அங்கே கேட்கிறாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஊரைச் சொல்லவேண்டுமென்றால், சுத்தம். ஊர் முழுக்க ஒரு வாசனை. எதற்கு இப்படித் தெருவெல்லாம் சென்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், என்ன நாற்றத்தை மறைக்க என்று பார்த்தால், மரத்தில் அரிசி அளவுக்கு மஞ்சளாகப் பூ. அந்த மாதம் பூக்குமாம். பத்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே கழி நீட்டி ரஜாய்ப் போர்வையை வெயிலில் காயப் போடுகிறார்கள். கீரைக்காரியிடம்கூடச் சில்லறை இல்லை, ஓர் அட்டையைக் காட்டுகிறாள், போனை நீட்டினால் பணம் போய்விடுகிறது. பார்க்கில் பார்த்தால் வயசானவர்கள் பின்னாலேயே நடக்கிறார்கள். உண்மையாகச் சொல்கிறேன், முதுகுப் பக்கமாக! இடுப்புக்கு நல்லதாம். ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு துடைப்பம் அளவு பிரஷ்ஷால் தரையில் அழகாக எழுதுகிறார், அவர் கடைசி எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடுகிறது. எனக்குப் பென்சில் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் எல்லாமே இப்படித்தானோ என்று இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் போனது செவ்வாய்க்கிழமை. அந்த முதல் சனிக்கிழமை காலையில், சுள்ளென்று வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை. ஷென் குடையை எடுத்தாள். பூப்போட்ட நீலக் குடை. வெயிலுக்குக் குடை பிடிக்கிறவள் இல்லை அவள். தொப்பிதான் போடுவாள். ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு மடக்கு முக்காலி, வெந்நீர் பிளாஸ்க். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் சொன்னேனே, காரணமில்லாத சிரிப்பு. மத்தியானம்தான் வந்தாள்.

"எங்கடீ போயிட்டு வர்றாங்க உன் மாமியார்?"

"பார்க்குக்குப் போவாங்கம்மா. ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"மழையில்லாம குடை எதுக்கு?"

"அம்மா, அவங்க குடை. விடேன்."

அந்த வாரம் முழுக்க என்னை விசாரணை பண்ணினாள். போனில் ஒன்று வைத்திருக்கிறார்களே, சீன பாஷையில் பேசினால் தமிழில் சொல்லும், அதை என் மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு. சொந்த வீடா? எத்தனை அறை? குடும்பத்தில் சர்க்கரை வியாதி உண்டா? உங்கள் வீட்டுக்காரர் கோபக்காரரா? யாராவது குடிப்பார்களா? நான் விடுவேனா? மூன்று வருடம் கழித்துப் பெண் வீட்டைப் பற்றி இத்தனை விசாரணை எதற்கு? வியாதிக் குடும்பம் என்று ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதானே? சர்க்கரையா, எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்றேன். என் வீட்டுக்காரர் இரண்டு வேளை மாத்திரை போடுகிறார், அது இவளுக்கு எதற்கு?

இரண்டாவது சனிக்கிழமை மறுபடி குடை. வினோதினிக்கு அன்றைக்கு ஆபீஸ். மாப்பிள்ளை காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். இருபதடி பின்னாலேயே போனேன். ஏரிக்கரை ஓரமாகப் போய், ஒரு மரக்கூட்டத்துக்குள் நுழைந்தாள். நானும் நுழைந்தேன்.

என்ன பார்த்தேன் என்கிறாய்? குடை அம்மா, குடை! பாதையின் இரண்டு பக்கமும் தரையில் விரித்து வைத்த குடைகள். நூறு இருக்கும். ஒவ்வொரு குடைமேலும் ஒரு காகிதம் கிளிப் போட்டுக் குத்தியிருக்கிறது. பின்னால் ஓர் அம்மாவோ அப்பாவோ முக்காலியில். வருகிறவர்கள் குனிந்து படிக்கிறார்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்கள், உதட்டைப் பிதுக்குகிறார்கள், அடுத்த குடைக்குப் போகிறார்கள். சில பேர் போனில் படம் காட்டுகிறார்கள். ஒரு படம் பட்டம் வாங்கின கவுனில் ஒரு பெண், இன்னொன்று கோட்டு போட்ட பையன். எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? பத்து வருடமாக ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் நான். அந்த உதட்டுப் பிதுக்கலை எந்த ஊரில் பார்த்தாலும் அடையாளம் தெரியும். பெண், மாப்பிள்ளை பார்க்கிற இடம் அது.

நடுவில் பூப்போட்ட நீலக் குடை. பின்னால் ஷென், காலை அகட்டிக்கொண்டு, பஸ் ஓட்டுகிற மாதிரியே உட்கார்ந்திருக்கிறாள். குடைமேல் காகிதம். எழுத்து எனக்குப் புரியாது. எண் புரியுமே! முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் 1988. மாப்பிள்ளை வெய் எண்பத்தெட்டில் பிறந்தவர். அவர் பாஸ்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதே, பீரோவில்தான்.

என் பெண் அங்கே ஆபீஸில் உட்கார்ந்து உழைக்கிறாள், இங்கே இவள் மகனுக்கு வேறு பெண் தேடுகிறாள். குடை விரித்து! பட்டப்பகலில்! ஒரு முத்துமாலை போட்ட பொம்பளை அந்தக் காகிதத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அந்தக் காகிதத்தைக் கிளிப்போடு பிய்த்தேன். நாலாக மடித்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். "ஷேம் ஆன் யூ, மேடம்!" என்றேன். அது கான்வென்ட். அதற்கப்புறம் வந்ததெல்லாம் தமிழ். அதை உன்னிடம் சொல்ல முடியாது. நூறு குடையும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. முதுகுப் பக்கமாக நடந்துகொண்டிருந்த ஒரு தாத்தா நின்றுவிட்டார்.

ஷென் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீரை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

நான் குடிக்கவில்லை. முதலில் குடிக்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோயிருந்தது, அப்புறம் குடித்தேன். அது வேறு விஷயம்.

சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது சாப்பாட்டு மேஜைமேல் அந்தக் காகிதத்தை எடுத்துப் போட்டேன். பெட்டியை ஏற்கெனவே கட்டி ஹாலில் கொண்டுவந்து வைத்துவிட்டேன், என்னுடையதும் வினோதினியுடையதும். அவள் பெட்டியில் கைக்கு வந்ததைப் போட்டுத் திணித்திருந்தேன்.

"என்னம்மா இது? என் பெட்டி ஏன் இங்க இருக்கு?"

"படிடீ. உன் மாமியார் எழுதினது. சத்தமாப் படி. உன் வீட்டுக்காரரும் கேக்கட்டும்."

காகிதத்தைப் பிரித்தாள். ஷென்னைப் பார்த்தாள். ஷென் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வினோதினி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, டிராகன் வருஷம். உயரம் நூத்தியெழுபத்திரண்டு. இன்ஜினியர். நல்ல குணம். குடி, சிகரெட் கிடையாது. வேலை..." நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? படி."

"வேலை அபுதாபில."

மாப்பிள்ளைக்கு அபுதாபியில் என்ன வேலை என்று இருந்தது.

"அம்மா, இது அண்ணன்."

"உங்கண்ணன் தொண்ணூத்தொன்னுடீ!" என்றேன்.

நீ ஏன் சிரிக்கிறாய்? ஆமாம், உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். அது வெளியே சொல்கிற வருடம். ஏழெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நிஜமாகிவிட்டது. போன பிறந்தநாளுக்குத் தினகருக்குப் போன் பண்ணி, முப்பத்துநாலு முடிஞ்சிருச்சுடா என்றேன். "அம்மா, லைன்ல வேற யாருமில்ல, நான்தான் இருக்கேன். என்கிட்டயுமா?" என்றான். எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தால் அது என் பிள்ளை என்று எனக்கு எப்படித் தோன்றும்? அவள் என்ன செய்திருக்கிறாள், வினோதினியிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டு, நிஜ வருடத்தை எழுதிவிட்டாள். நிஜத்தை! கொட்டை எழுத்தில்! வரன் தேடுகிற இடத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா?

நான் போன புதிதில் வெண்டைக்காய் நறுக்கும்போது, பையனுக்கு இன்னும் அமையவில்லை என்று அந்தப் போன் மெஷினில் ஒரு வார்த்தை சொன்னேனாம். சொல்லும்போது அழுதேனாம். அழுதேனா? வெங்காயம் நறுக்கியிருப்பேன். அதைக் கேட்டுவிட்டு அந்தச் சனிக்கிழமையே குடையை எடுத்திருக்கிறாள்.

வினோதினி மிச்சத்தையும் படித்தாள். "அப்பா அமைதியானவர். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது." பார்த்தாயா, அதையும் எழுதியிருக்கிறாள். "அம்மா படித்தவர், சுத்தமானவர், சமையல் மிக நன்று. கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும்." கடைசி வரிக்கு வந்ததும் வினோதினி குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்கள் மருமகள் இந்தப் பையன் வீட்டுப் பெண். மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்துச் சொல்கிறோம். நம்பி வரலாம்."

ஷென் ஆரஞ்சுச் சுளையை என் தட்டில் வைத்தாள். பிறகு ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். மூன்று பேர் விசாரித்தார்களாம். ஒருத்தி பல் டாக்டராம். எந்த வருடம் பிறந்தவள் என்று கேட்டேன். கேட்பதில் என்ன தப்பு?

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷென் தினகரின் படம் வேண்டும் என்றாள். நான் போனைத் திறந்து வினோதினி கையில் கொடுத்தேன். கொடுத்த நேரம் பார்த்து டிங் என்றது. மேட்ரிமோனி. அவள் அதைத் தொட்டுவிட்டாள்.

அதில் தினகர் இல்லை. வினோதினி இருந்தாள். பச்சைப் பட்டு, தலைநிறையப் பூ, அவள் கல்யாணத்துக்கு முன்னால் பதிந்து வைத்தது. பெயர், நட்சத்திரம், திருமணமாகாதவர், கடைசியாகப் பார்த்தது நேற்று.

இரு இரு, அப்படிப் பார்க்காதே. நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. இருந்ததை எடுக்கவில்லை, அவ்வளவுதான். வருடா வருடம் பணம் கட்டினேன், அதுவும் தினகருக்குக் கட்டும்போது சேர்த்துக் கட்டினால் குறைத்துக்கொள்கிறான். யாருக்கும் பதில் போட்டதில்லை. இரண்டு பேருக்குப் போட்டேன், அது மரியாதைக்கு. பென்சிலால் எழுதிய கல்யாணம், நாளைக்கு ஒன்று என்றால் பெண் எங்கே போய் நிற்பாள்?

ஷென் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டாள். வினோதினி அவளிடம் சீன பாஷையில் ரொம்ப நேரம் சொன்னாள். ஷென் என் போனை வாங்கி, அந்தப் பச்சைப்பட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கி, ஐயோ எவ்வளவு அழகு என்கிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தார்.

"என்னடீ சொன்ன அவங்ககிட்ட?"

"பழைய போட்டோன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். பிறகு பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவங்க செய்றாங்கன்னு நெனச்சப்ப பெட்டியக் கட்டின. நீ செஞ்சிருக்கியேம்மா, நான் இப்ப எந்தப் பெட்டியக் கட்டட்டும்?"

"நான் அம்மாடீ. எனக்குப் பயம்."

"அவங்களும் அம்மாதான்."

"அதான் பயம்," என்றேன். நான் சொன்னதில் என்ன தப்பு? அவள் துணியை எடுத்து நான் கழுவிய தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்தாள். குழந்தை விஷயத்தைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "அது எங்க விஷயம்மா. அவங்க ஒரு நாள்கூடக் கேட்டதில்ல," என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. அந்தப் பச்சைப்பட்டுப் படத்தை எடு, அழி என்று என்னைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் இருந்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

கிளம்புகிற அன்றைக்கு ஷென் அந்த மஞ்சள் பூவைச் சர்க்கரையில் போட்டு ஒரு பாட்டில் கொடுத்தாள். அது இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. நான் முயல்காதுச் செருப்பைக் கவரில் சுற்றிப் பெட்டியில் வைக்கப் போனேன். எனக்கென்று வாங்கியதுதானே? பிடுங்கிவிட்டாள் அம்மா. பிடுங்கி, துடைத்து, வாசல் அலமாரியில் தன் செருப்புக்குப் பக்கத்திலேயே மறுபடி வைத்துவிட்டு, அந்த இடத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறாள். நான் கொண்டுபோன பருப்புப் பொடி முழுவதையும் அந்த வெள்ளைக் கட்டியில், அதுதான் டோஃபு, தூவித் தூவிச் சாப்பிட்டுத் தீர்த்தவள், கேவலம் ஒரு செருப்பைக் கொடுக்க மனசில்லை. இதுவும் ஒரு குணம்.

தொப்பிக்காரர் பக்கத்தைத் திருப்பிவிட்டார், கவனித்தாயா? விடு, அவர் தூங்கியிருப்பார்.

ஏன் அம்மா, உனக்கு இந்தப் போனெல்லாம் நன்றாகத் தெரியுமா? ஒரு சின்ன உதவி. என் கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது. எது, மூக்கின் மேலா? இது தூரத்துக்கு. பலகை பார்க்க. கிட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. இதோ, இதுதான். இதில் பச்சைப்பட்டு இருக்கிறதே, தினகர் இல்லை, தினகரைத் தொட்டுவிடாதே, அது இருக்கட்டும். அந்த வருடத்தை வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பச்சைப்பட்டு. அதை நீக்குவதற்கு எங்கேயாவது ஒன்று இருக்கும், கீழே, கடைசியில். இரண்டு தடவை அதுவரைக்கும் போயிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல்தான் திரும்பிவிட்டேன்.

வந்ததா? காரணம் கேட்கிறதா? என்னென்ன போட்டிருக்கிறான், படி. இப்போதைக்கு வேண்டாம், அது இல்லை. வரன் பிடிக்கவில்லை, அது இல்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

ம்.

அதைத் தொடு.

நிச்சயமாகவா என்று கேட்கிறதா? பார், இதற்கும் என் மேல் சந்தேகம். ஆமாம் என்று போடு. இன்னும் என்ன? கல்யாணத் தேதியா? செப்டம்பர் பதினாலு, இரண்டாயிரத்து இருபத்திரண்டு. புதன்கிழமை. யோசிக்கவெல்லாம் வேண்டாம், அதுதான். கையெழுத்துப் போட்டது அங்கே காலை பத்தேகால், நம் ஊரில் ஏழேமுக்கால். குக்கரை அணைத்துவிட்டு, சாமி விளக்கை ஏற்றி, அது நின்று எரிகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அதையெல்லாம் அதில் கேட்கமாட்டான். நீ தேதியை மட்டும் போடு.